பனிக்காட்டில் தனியாக: எவ்வளவு தூரம் போக வேண்டும்?

குளிர்காலத்தில் காட்டுக்குப் போகப்போவதாகச் சொன்னால் உடனே வரும் கேள்வி "யாரோடு?" என்பதுதான். "தனியாக" என்றதும் கேட்டவர் முகம் மாறும். சிலர் பொறாமைப்படுவார்கள். சிலர் வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்பதுபோல் பார்ப்பார்கள். இரு தரப்பும் மனதில் வரைந்துகொள்வது ஒரே படத்தைத்தான்: வெள்ளை வெளியில் ஒற்றை ஆள், பின்னால் ஒரு சறுக்குவண்டி, கண்ணுக்கு எட்டிய தூரம்வரை யாருமில்லை.

அந்தப் படம்தான் தொல்லை. சாலையிலிருந்து அரை மணி நேர நடையில் கூடாரம் போட்டு மூன்று இரவு தங்குவதும் தனிப்பயணம்தான். பத்து நாள் வண்டி இழுத்து ஒரு மலைத்தொடரைக் கடப்பதும் தனிப்பயணம்தான். இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால், முதலாவது போதுமாக இருக்கிறவர்கள் இரண்டாவதற்குக் கிளம்பிவிடுகிறார்கள், அல்லது இரண்டாவதைக் கண்டு பயந்து முதலாவதையும் கைவிட்டுவிடுகிறார்கள்.

கோடையில் தனியாக, குளிரில் குழுவாக, இருவராக, தனியாக நெடுந்தூரம், தனியாக ஒரே இடத்தில் என்று எல்லா வகையிலும் போய்ப் பார்த்திருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பனிக்காட்டுத் தனிமையால் கிடைக்கும் நன்மைகளில் பெரும்பகுதி முதல் இரண்டு கிலோமீட்டருக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது. அதற்கு மேல் நடக்கும் ஒவ்வொரு கிலோமீட்டரும் ஆபத்தை நிச்சயமாகக் கூட்டுகிறது. நன்மையைக் கூட்டுகிறதா என்பது சந்தேகம்தான்.

கோடையில் போனால் போதாதா?

போதும், பலருக்கு. தனியாக ஒரு இரவுகூட வெளியில் தங்கியிராதவர் கோடையில்தான் தொடங்க வேண்டும். கோடை தவறுகளை மன்னிக்கும். நனைந்த காலுறையைப் பாறையில் காயப்போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கலாம். அடுப்பு பற்றவில்லையென்றால் பச்சைத் தண்ணீர் குடித்துக்கொள்ளலாம். குளிர்காலத்தில் இந்த இரண்டும் அன்றைய இரவின் போக்கையே மாற்றிவிடும்.

ஆனால் கோடையில் தனிமை கிடைப்பது கடினம். நல்ல பாதை என்றால் ஆட்கள் இருப்பார்கள். ஆட்கள் இல்லையென்றால் கொசு இருக்கும். பனி விழுந்த பிறகு நிலைமை தலைகீழ். சாலையில் பனி அள்ளும் வண்டி எந்த இடத்தோடு திரும்பிவிடுகிறதோ, அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே போனால் போதும், வேறொரு ஆளைப் பார்ப்பதே அரிது. கோடையில் சுற்றிப்போக வேண்டிய சதுப்பு நிலம் உறைந்து பாதையாகிவிடும்.

அந்த அமைதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். புதிதாக விழுந்த பனியில் துகள்களுக்கு நடுவே காற்றுதான் நிறைந்திருக்கிறது. ஒலி அந்த இடுக்குகளில் நுழைந்து அடங்கிவிடுகிறது. பனி விழுந்து முடிந்த மறுநாள் காலையில் காட்டில் நின்றால் ஜாக்கெட்டின் கை உரசுவதே பெரிய சத்தமாகக் கேட்கும். ஒரு வாரம் கழித்து, வெயிலிலும் காற்றிலும் மேற்பரப்பு இறுகிய பிறகு, அதே இடம் கடினமான தரைபோல ஒலியைத் திருப்பி அனுப்பும். அமைதிக்காகப் போகிறவர்கள் தேதியைப் பார்க்காமல் பனி எப்போது விழுந்தது என்று பார்த்துப் போவது நல்லது.

அடுத்தது தடங்கள். கோடைக் காட்டில் விலங்குகள் நம்மைப் பார்க்கும், நாம் அவற்றைப் பார்ப்பதில்லை. பனியிலோ நேற்றைய இரவு முழுவதும் எழுதி வைத்ததுபோல் கிடக்கும். முயல் தாவும்போது பின்னங்கால்கள் முன்னங்கால்களைத் தாண்டி முன்னே பதிகின்றன; இது தெரியாமல் முதல் குளிர்காலம் முழுவதும் முயல் போன திசையைத் தப்பாகவே படித்துக்கொண்டிருந்தேன். நரி ஒரே நேர்கோட்டில், தையல் போட்டதுபோல் நடக்கும். ஒருநாள் காலை கூடாரத்தைத் திறந்தபோது அந்தத் தையல் மரங்களுக்குள்ளிருந்து நேராக என்னை நோக்கி வந்திருந்தது. தலைமாட்டிலிருந்து இரண்டு கை தூரத்தில் நின்று, கொஞ்ச நேரம் மிதித்துக் குழப்பியிருந்தது, என் சறுக்குவண்டியின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தது. அவ்வளவு நேரமும் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். நான்கு பேர் குறட்டை விடும் முகாமுக்கு அது வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

குளிர்காலத்தின் கணக்கில் கழிக்க வேண்டியதும் உண்டு: இருட்டு. 60ஆவது வட அட்சரேகையில் டிசம்பர் கடைசியில் பகல் ஆறு மணி நேரம்கூட இல்லை. மீதி நேரமெல்லாம் ஒரு தலைவிளக்கும் நீங்களும்தான். முதல் பயணத்துக்கு டிசம்பரைத் தேர்ந்தெடுப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. வட அரைக்கோளத்தில் பிப்ரவரி கடைசியும் மார்ச்சும் எவ்வளவோ மேல்: பகல் நீண்டிருக்கும், பனியும் ஆழமாக இருக்கும்.

துணை தருவதும் துணை எடுப்பதும்

குழுவாகப் போவதன் வசதிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. ஆழப்பனியில் முன்னால் நடந்து வழி உண்டாக்கும் வேலையை மாற்றி மாற்றிச் செய்யலாம். சுமையைப் பிரித்துக்கொள்ளலாம். இவற்றைவிடப் பெரிய வசதி ஒன்று உண்டு: உங்கள் முகத்தைப் பார்க்க இன்னொரு ஜோடிக் கண்கள். பனிக்கடி தொடங்கும்போது மூக்கு நுனியிலோ கன்னத்திலோ வெள்ளையாக ஒரு திட்டு தோன்றும். அந்த இடம் மரத்துப்போவதால் உரியவருக்குத் தெரியாது, எதிரில் இருப்பவருக்குத் தெரியும். உடல் வெப்பக் குறைவும் அப்படித்தான். உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும்போது பேச்சு குழறுகிறது, விரல்கள் தடுமாறுகின்றன, கூடவே புத்தியும் மங்குகிறது. ஆபத்தை உணர வேண்டிய கருவியே பழுதாகிவிடுகிறது. தனிப்பயணத்துக்கு எதிராக நான் கேட்டதிலேயே பலமான வாதம் இதுதான். இதற்கு முழுமையான பதில் கிடையாது.

ரிச்சர்ட் பேர்ட் கதை இதற்குச் சரியான உதாரணம். அமெரிக்கக் கடற்படை அதிகாரியான அவர் 1934இல் அண்டார்க்டிகாவின் குளிர்காலத்தில், தன் குழுவின் முகாமிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் தெற்கே, பனியில் புதைத்த ஒரு குடிலில் நான்கரை மாதம் தனியாக இருந்தார். முதலில் மூன்று பேர் தங்குவதாகத்தான் திட்டம். மூவருக்கான பொருள்களைக் கொண்டுசேர்க்க முடியாமல் போனபோது, இருவரை அனுப்ப அவர் சம்மதிக்கவில்லை. அவ்வளவு சின்ன இடத்தில் இருட்டில் இருவர் மாதக்கணக்கில் இருந்தால் ஒருவரை ஒருவர் வெறுத்துவிடுவார்கள் என்பது அவர் கணிப்பு. இருவராகப் போய், மூன்றாம் நாள் துணைவர் கரண்டியைத் தட்டும் சத்தத்துக்கே பல்லைக் கடித்திருக்கிறவன் என்ற முறையில் நான் அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் அவரைக் கொல்லப் பார்த்தது தனிமை அல்ல, குளிரும் அல்ல. அடுப்பிலிருந்தும் வானொலிக்கான ஜெனரேட்டரிலிருந்தும் வந்த கார்பன் மோனாக்சைடு. காற்றுப்போக்கிகளில் பனி உறைந்து அடைத்துக்கொண்டது; அவர் நாளுக்கு நாள் நலிந்தார். தனக்கு உடம்பு சரியில்லை என்று முகாமுக்குச் சொல்லவும் இல்லை, இருட்டில் தன்னைத் தேடி வருகிறவர்கள் செத்துவிடக் கூடாதே என்று. அவர் தட்டிய மோர்ஸ் செய்திகள் தாறுமாறாக இருப்பதைக் கவனித்துத்தான் முகாமில் இருந்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். ஆகஸ்டில் மூன்று பேர் வந்து சேர்ந்தார்கள், பிழைத்தார். கூடாரத்துக்குள் அடுப்பு எரிக்கிற எவருக்கும் இந்தக் கதையின் முதல் பாதி போதும்: காற்று வர இரண்டு பக்கமும் திறந்திருக்க வேண்டும். இரண்டாம் பாதியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பனிச்சரிவில் துணையின் மதிப்பு இன்னும் வெளிப்படை. புதைந்தவரைப் பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதற்குப் பிறகு வாய்ப்பு மளமளவென்று சரிகிறது. மார்போடு கட்டும் பனிச்சரிவுச் சமிக்ஞைக் கருவிக்கு, மேலே நின்று தேட ஆள் இருந்தால்தான் பொருள். ஆகவே தனியாகப் போகிறவருக்கு விதி எளிது: 30 முதல் 45 டிகிரிவரை சாய்ந்த, பனி மூடிய மலைச்சரிவுகளின் மேலும் போகாதீர்கள், அவற்றின் அடிவாரத்திலும் போகாதீர்கள். உறைந்த ஏரிக்கும் இதே கண்டிப்பு. நடந்து போகும் ஒருவருக்குத் தெளிவான, திடமான பனிக்கட்டி பத்து சென்டிமீட்டராவது வேண்டும் என்பது பொதுக் கணக்கு. பனி மூடிய, வெளுத்த கட்டிக்கு அந்தக் கணக்கு செல்லாது. குழுவோடு என்றால் கயிறு வீச ஆள் இருக்கும். தனியாக என்றால் கரையோரமாகச் சுற்றிப் போங்கள்.

இனி, துணை நம்மிடமிருந்து எடுத்துக்கொள்வது. நடை வேகம் உங்களுடையதாக இருக்காது: காத்திருந்தால் குளிரும், துரத்திப் பிடித்தால் வியர்க்கும், வியர்த்தால் பிறகு குளிரும். பேச்சு ஓயாது. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, திரும்பலாம் என்று முதலில் சொல்ல ஒருவரும் துணியாததுதான். நாலு பேரும் உள்ளுக்குள் திரும்ப விரும்பிக்கொண்டே, மற்ற மூவரும் போக விரும்புவதாக நினைத்துக்கொண்டு, மோசமான வானிலைக்குள் நடப்பதை நானே நடந்து பார்த்திருக்கிறேன். தனியாக இருக்கும்போது திரும்புவதற்கு யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. என் தனிப்பயணங்களில் பாதியிலே திரும்பியவை நிறைய; குழுப்பயணங்களில் அப்படி ஒன்றே ஒன்று.

நார்வேக்காரர்களுக்கு மலைக்குப் போகிறவர்களுக்கென்று ஒன்பது விதிகள் உண்டு. அந்நாட்டு மலையேற்றச் சங்கமும் செஞ்சிலுவைச் சங்கமும் பரப்பியவை. பழைய பட்டியலில் ஏழாவது விதி "தனியாகப் போகாதே". 2016இல் திருத்தியபோது அந்த வரி காணாமல் போனது. "நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கமில்லை" என்ற எட்டாவது விதியோ அதே இடத்தில் அப்படியே நிற்கிறது. அந்தத் திருத்தம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

நெடுந்தூரம் தனியாக

ஜப்பானிய சாகசக்காரர் நவோமி உவெமுரா 1978இல் நாய்வண்டியில் தனியாக வட துருவத்தை அடைந்தவர். அலட்சியமான ஆள் அல்ல. 1984 பிப்ரவரியில் அலாஸ்காவின் டெனாலி சிகரத்தில் தனியாக ஏறியபோது, பனிப்பிளவில் விழுந்தால் குறுக்கே தாங்குவதற்காக நீண்ட மூங்கில் கழிகளை உடம்போடு கட்டிக்கொண்டு நடந்தார். பிப்ரவரி 12, அவருடைய 43ஆவது பிறந்தநாள். அன்று உச்சியை அடைந்தார்; குளிர்காலத்தில் அதைத் தனியாக ஏறிய முதல் மனிதர். இறங்கும் வழியில் காணாமல் போனார். உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

இதைச் சொல்வது பயமுறுத்துவதற்காக அல்ல; அவர் அளவுக்கு நீங்களும் போகப்போவதில்லை, நானும் போகப்போவதில்லை. நெடும்பயணத்தில் கையிருப்பு எப்படிக் கரைகிறது என்பதற்காகச் சொல்கிறேன். உடம்பிலிருந்து வரும் ஈரம் ஒவ்வொரு இரவும் ஸ்லீப்பிங் பேக்கின் இறகுக்குள் போய் உறைகிறது. முதல் இரவு தெரியாது; ஐந்தாம் இரவு பை கனத்திருக்கும், சூடு குறைந்திருக்கும். குடிக்கும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீரையும் பனியை உருக்கித்தான் எடுக்க வேண்டும், அதற்கு எரிபொருள் வேண்டும், அதைச் சுமக்க வேண்டும். நாள்தோறும் முகாமைக் கலைத்து மறுபடி போடுவதில் கைவிரல்கள் வெடிக்கின்றன.

எனக்கு வருத்தம் இவற்றில்கூட இல்லை. ஐந்து நாள் தனியாகச் சறுக்கிச் சென்ற ஒரு பயணம் முடிந்து வந்தபோது, என்ன பார்த்தாய் என்று தங்கை கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். சறுக்குக் கட்டைகளின் நுனி இரண்டும்தான் நினைவில் இருந்தது. ஒவ்வொரு நாளும் இருட்டுவதற்குள் இத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கு. அந்தக் கணக்கைத் தவிர வேறு எதற்கும் தலைக்குள் இடமில்லை. அலுவலகத்தில் செய்வதையே குளிரில் செய்துவிட்டு வந்திருந்தேன்.

இடையே ஒரு வழி உண்டு: குடிலிலிருந்து குடிலுக்குப் போவது. பகலில் தனிமை, இரவில் கூரை. நல்ல வழிதான். ஆனால் குடிலில் ஆட்கள் இருப்பார்கள், அவர்கள் பேசுவார்கள். தங்கிய இரவுகளில் தூக்கம் நன்றாக வந்தது. தனியாக இருந்ததாகத் தோன்றவில்லை.

ஒரே இடத்தில்

மிச்சம் இருப்பது யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளாத வழி. காரை நிறுத்தும் இடத்திலிருந்து ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர். காற்று மறைக்கும் மரங்கள், தலைக்கு மேலே சரிவு இல்லாத சமதரை. கூடாரத்தை ஒருமுறை போட்டு, மூன்று இரவு அங்கேயே இருப்பது.

என்ன செய்வது அங்கே? வேலைதான். பனியை மிதித்துத் தளம் கட்டி, அது இறுகும்வரை காத்திருந்து, கூடாரம் அடிக்க வேண்டும். காற்றுக்குச் சுவர் எழுப்ப வேண்டும். பிறகு தண்ணீர். பாத்திரத்தில் வெறும் பனியைப் போட்டு அடுப்பில் வைத்தால் அடி தீய்ந்து நாறும். அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, அதில் பனியைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். காலையில் அந்தக் கொஞ்சம் தண்ணீர் கிடைக்க, இரவே ஒரு பாட்டிலை நிரப்பித் தலைகீழாக வைக்க வேண்டும், ஏனென்றால் தண்ணீர் மேலிருந்துதான் உறையும், மூடி அடியில் இருந்தால் திறக்க வரும். லைட்டர் உள்சட்டைப் பையில். பியூட்டேன் −0.5 டிகிரிக்குக் கீழே ஆவியாகாது என்பதால் சாதாரண கேஸ் குப்பி கடுங்குளிரில் மூச்சு விடாது. திரவ எரிபொருள் அடுப்பு வேண்டும். அந்த எரிபொருளும் வெளிக்குளிரின் வெப்பநிலையிலேயே இருக்கும், −20இல் வெறுங்கையில் சிந்தினால் தோல் அங்கேயே உறைந்துவிடும். ஆகவே கையுறையோடு, மெதுவாக.

இந்த "மெதுவாக" என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பனிக்காட்டுக்குப் போனால் ஞானம் பிறக்கும் என்பதுபோல் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அங்கே பெரிய சிந்தனை எதுவும் வந்ததில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் உருக்க எடுக்கும் நேரத்தில் மனம் அந்தத் தண்ணீரைவிட்டு நகர்வதில்லை, அவ்வளவுதான். இரண்டாம் நாள் மதியத்துக்குள் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் பேச்சு தானாக ஓய்ந்திருக்கும். குழுவில் பாதி வேலையை வேறு யாராவது செய்துவிடுவார்கள். தனியாக எல்லாவற்றையும் நானே தப்பாகச் செய்து, நானே திருத்துகிறேன். மூன்று இரவில் கற்றுக்கொண்டது, நான்கு குழுப்பயணங்களில் கற்றதைவிட அதிகம்.

தூரம் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கையுறை சாட்சி. வெப்பநிலை −10, காற்று மணிக்கு முப்பது கிலோமீட்டர். தோலுக்கு அது −20 போல. கூடாரக் கயிற்றில் ஒரு முடிச்சை அவிழ்க்க வலது கையுறையைக் கழற்றி முழங்காலில் வைத்தேன். ஒரு வீச்சுக் காற்று. இறுகிய பனியின் மேல் அது தட்டுப்போல் வழுக்கிக்கொண்டு போனது. நான் நிமிர்வதற்குள் நாற்பது மீட்டர் கீழே, புதர்களுக்குள். கையில் காலுறையை மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் நடந்து, காரில் கிடந்த பழைய ஜோடியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, அதே முடிச்சை அவிழ்த்தேன். எரிச்சலான ஒரு மணி நேரம். இதுவே அந்த ஐந்து நாள் பயணத்தின் மூன்றாம் நாளில் நடந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எண்ணிப் பார்க்கவே பிடிக்கவில்லை.

கிளம்புகிறவர்களுக்குப் பொருள்களைப் பற்றி இரண்டே வார்த்தை. ஸ்லீப்பிங் பேக்கின் சீட்டில் இரண்டு வெப்பநிலைகள் போட்டிருக்கும். "கம்ஃபர்ட்" எண்ணைப் பாருங்கள், "லிமிட்" எண்ணை நம்பாதீர்கள். தரைக்கு இரண்டு பாய்கள்: ஒன்று ஃபோம், ஒன்று காற்றடைத்தது. தரைக்குளிரை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் எண்ணான ஆர்-மதிப்பை (R-value) இரண்டுக்கும் கூட்டிக்கொள்ளலாம், மொத்தம் ஐந்துக்குக் குறைய வேண்டாம். ஜாக்கெட்டுக்குச் செலவழித்துவிட்டுப் பாயில் மிச்சம் பிடிக்கிறவர்கள் இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொள்வார்கள்.

இப்போது பேர்ட் கதையின் இரண்டாம் பாதி. 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்கு அபாயச் செய்தி அனுப்பும் கருவிகள் உண்டு. சந்தா வேண்டாம், பேட்டரி பல ஆண்டு தாங்கும், ஆனால் "காப்பாற்றுங்கள்" என்பதைத் தவிர வேறு எதையும் சொல்லத் தெரியாதவை. இருபுறமும் செய்தி அனுப்பும் கருவிக்குச் சந்தா உண்டு, அடிக்கடி சார்ஜ் செய்ய வேண்டும். தனியாகப் போகிறவருக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். இரவு எட்டு மணிக்குத் தங்கைக்கு ஒரு செய்தி அனுப்புகிறேன். "நலம்" என்ற ஒற்றைச் சொல்லை அவள் ஏற்பதில்லை. இரண்டு முழு வாக்கியங்களாவது இருக்க வேண்டும், அன்று நடந்த ஏதோ ஒன்றைப் பற்றி. பிழையாகவோ பொருந்தாமலோ எழுதினால் கேள்வி கேட்பாள். என் புத்தி மங்குகிறதா என்பதை நான் கண்டுபிடிக்க முடியாது; அவளால் முடியும். பேர்டின் முகாமில் இருந்தவர்கள் செய்த வேலையை அவள் வீட்டிலிருந்தபடியே செய்கிறாள்.

யாருக்கு எது

தனியாக இரவு தங்கிப் பழகாதவர் கோடையில் இரண்டு முறை போய்விட்டு வாருங்கள். பனியில் அடுப்பு பற்றவைத்தே பழகாதவர் முதல் குளிர்காலத்தைத் தெரிந்தவர்களோடு கழியுங்கள். மூன்று, நான்கு பேர் நல்லது. மலைச்சரிவுகளுக்கும் பனிப்பிளவு உள்ள இடங்களுக்கும் போகத்தான் வேண்டும் என்றால் அது குழுவுக்கான வேலை, எத்தனை வருட அனுபவம் இருந்தாலும். தனியாக நெடுந்தூரம் போக ஆசைப்படுகிறவர்களை நான் தடுக்கப்போவதில்லை, அவர்கள் என்னிடம் கேட்கவும் போவதில்லை.

மனம் நொந்திருக்கும்போது எதுவும் வேண்டாம். இழப்பு ஒன்று நேர்ந்த குளிர்காலத்தில், தனிமை ஆற்றும் என்று நம்பிக் கிளம்பினேன். மாலை ஐந்து மணியிலிருந்து மறுநாள் காலை ஏழு மணிவரை இருட்டில் படுத்திருக்க வேண்டிய இடத்துக்கு, எதைச் சுமந்து போகிறோமோ அதுதான் பதினான்கு மணி நேரமும் பக்கத்தில் படுத்திருக்கும். ஒரே இரவில் திரும்பிவிட்டேன். திரும்ப முடிகிற தூரத்தில் இருந்ததற்காக அன்றும் மகிழ்ந்தேன்.

மற்ற எவருக்கும், அடுப்போடும் கூடாரத்தோடும் ஓரளவு பழகியவருக்கு, ஒரே இடம், இரண்டு அல்லது மூன்று இரவு. வருகிற பிப்ரவரி கடைசி வாரத்தில் நானும் அதே மரங்களுக்கு நடுவேதான் இருப்பேன், அதே ஒன்றரை கிலோமீட்டரில். ஒரே ஒரு மாற்றம்: கையுறைகள் இரண்டையும் ஒரு கயிற்றில் கோத்து, சின்னப் பிள்ளைகளுக்குப் போடுவதுபோல் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்ளப்போகிறேன்.